வேலிக்காக ஓர் உயிர்

கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்தபின் நடைபெறும் விவிலிய வகுப்பில் யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். இலாசர் உயிர்பெற்ற செய்தி எருசலேமை எட்டுகிறது. தலைமைச் சங்கம் கூடுகிறது. இந்த மனிதரை இப்படியே விட்டால் உரோமையர் வந்து கோவிலையும் இனத்தையும் ஒருங்கே அழித்துவிடுவர் என்ற அச்சம் அங்கே எழுகிறது. அப்போது அவ்வாண்டின் தலைமைக் குருவாகிய கயபா, இனம் முழுவதும் அழிவதினும் ஒருவர் சாவது நலம் என்னும் பொருள்படப் பேசுகிறார்.

வகுப்பிற்குத் தவறாமல் வருகின்ற, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். "சாமி, கயபா சொன்னது அவர்கள் சட்டப்படி சரியா, தவறா?" என்று கேட்டார்.

நாம் சற்றும் தயங்கவில்லை. பழைய சட்டம் கடுமையானது, அதில் மரண தண்டனைகள் மலிந்திருந்தன, இயேசு வந்து இரக்கத்தின் சட்டத்தைத் தந்தார் என்று, பல புனித வெள்ளிகளில் மறையுரை மேடையிலிருந்து சொன்னதையே மீண்டும் சொன்னோம். அவர் பணிவோடு கேட்டுவிட்டு, "அது நமக்கு விடை, சாமி. நான் கேட்டது அவர்களுடைய சட்டத்தை" என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.

அன்றிரவு பங்கு இல்லத்தில் நமக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் எட்டாண்டுகள் பயின்றோம். தோராவைப் பயின்றோம், ஆனால் அந்தத் தோராவை வைத்துக்கொண்டு யூத அறிஞர்கள் ஆயிரமாண்டுகளாக என்ன செய்தார்கள் என்பதை நாம் பயிலவே இல்லை. மிஷ்னா, தால்முத் என்னும் பெயர்கள் தேர்வுக்கு வேண்டிய அளவில் தெரியும். ஓர் இனத்தின் சட்டத்தை அதன் ஏட்டை மட்டும் வைத்து எடைபோட்டு, அதை நம் இரக்கத்திற்கு எதிர்த்தட்டில் நிறுத்திவந்திருக்கிறோம். அதன்பின் சில மாதங்கள் இயன்றவரை தேடிப் படித்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

ஏடு கடுமையானது என்பதில் ஐயமில்லை. கொலைக்கு மட்டுமன்று, குருவுக்கோ நீதிபதிக்கோ அடங்க மறுப்பவனுக்கும் இணைச் சட்டம் சாவையே விதிக்கிறது. மக்கள் எல்லாரும் கேட்டு அஞ்ச வேண்டும் என்பதே அங்கே கூறப்படும் காரணம். பெற்றோருக்கு அடங்காத மகனையும் ஊர்த்தலைவர்களிடம் கொண்டுவந்து கல்லெறிந்து கொல்லுமாறு அதே நூல் பணிக்கிறது. குற்றத்திற்கு ஏற்ற தண்டனை என்பதைவிட, ஊரின் ஒழுங்கு குலையாதிருத்தல் என்பதே இவ்விடங்களில் முன்நிற்கிறது.

இந்த ஏட்டைக் கையில் வாங்கிய ரபிகள் அதன் ஒரு சொல்லையும் அழிக்கவில்லை. அழிக்கும் உரிமை தமக்கு இல்லையென்றே கருதினர். ஆனால் அதைச் சுற்றி எழுப்பிய நடைமுறையைப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. உயிர் தொடர்பான வழக்கை 23 நீதிபதிகள் விசாரிக்க வேண்டும். விடுவிப்பதற்கு ஒரு வாக்கு மிகுதி போதும். தண்டிப்பதற்கு இரு வாக்கு மிகுதி வேண்டும். மூத்தவரின் சொல்லுக்கு இளையவர் அஞ்சிவிடக்கூடாது என்பதற்காக இளையவரிடமிருந்தே கருத்துக் கேட்கத் தொடங்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பை அன்றே சொல்லலாம். தண்டனைத் தீர்ப்பு ஓரிரவு காத்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் நேரில் கண்டிருக்க வேண்டும். குற்றம் புரியுமுன்னரே குற்றவாளியை எச்சரித்திருக்க வேண்டும். தண்டிக்கப்பட்டவனைக் கொலைக்களத்திற்கு அழைத்துச் செல்லும்போது, மன்றத்தின் வாயிலில் ஒருவன் துணியோடு நிற்பான். தொலைவில் குதிரைமீது ஒருவன் அமர்ந்திருப்பான். கடைசி நொடியில் எவரேனும் புதிய வாதம் கொண்டுவந்தால் துணி அசையும், குதிரை விரையும். நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துக் குற்றவாளி என்று கூறினால் அவனை விடுவிக்க வேண்டும் என்று கூடத் தால்முத் ஓரிடத்தில் கூறுகிறது. அவனுக்காகப் பேச ஒருவர்கூட இல்லாத மன்றம் சரியாகத் தேடிப் பார்க்கவில்லை என்பது அதற்கு நாம் உணரும் பொருள்.

அடங்காத மகனின் செய்தி இன்னும் நுட்பமானது. அவன் செய்துவிட்டதற்காக அல்ல, நாளை செய்யப் போவதற்காகவே தண்டிக்கப்படுகிறான் என்று மிஷ்னா விளக்குகிறது. இன்று திருடித் தின்று குடிப்பவன் நாளை வழிப்பறிக் கொள்ளையனாவான். பழி சுமக்குமுன் சாகட்டும் என்பது அதன் தருக்கம். ஒழுங்கைக் காக்க உயிரை எடுப்பது என்பதன் மிக அஞ்சத்தக்க வடிவம் இதுவே. வருங்காலக் குற்றத்திற்கு எவரைத்தான் தண்டிக்க முடியாது? இதை உணர்ந்த அறிஞர்கள் நிபந்தனைகளை அடுக்கத் தொடங்கினர். இத்தனை அளவு இறைச்சி தின்றிருக்க வேண்டும், இத்தனை அளவு திராட்சை மது குடித்திருக்க வேண்டும். தந்தையும் தாயும் இருவருமே இசைய வேண்டும். இருவரில் எவரும் முடவராகவோ பார்வையற்றவராகவோ பேச்சற்றவராகவோ இருக்கலாகாது. இருவரும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்று கூட ஒரு கருத்து உண்டு. அப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப் போவதுமில்லை. படித்துப் பயன்பெறுவதற்காகவே அச்சட்டம் எழுதப்பட்டது என்று முடித்தனர். ஆனால் தால்முத்தில் எந்த முடிவும் தனியே நிற்பதில்லை. ரபி யோனத்தான் உடனே குறுக்கிட்டு, தாம் அப்படி ஒருவனைக் கண்டதாகவும் அவனது கல்லறைமேல் அமர்ந்திருந்ததாகவும் சொல்கிறார். நூல் அதையும் அப்படியே பதிந்துவைத்திருக்கிறது. இரக்கமான விளக்கத்தின் அருகிலேயே ஒரு கல்லறை.

ஏழாண்டுகளுக்கு ஒருமுறை ஒருவரைக் கொல்லும் தலைமைச் சங்கம் அழிவுச் சங்கம் எனப்படும் என்று மிஷ்னா சொல்கிறது. ரபி எலயாசர் பென் அசரியா எழுபதாண்டுகளுக்கு ஒருமுறை என்றே அதைத் திருத்துகிறார். ரபி தர்போனும் ரபி அக்கீவாவும், தாங்கள் அச்சங்கத்தில் இருந்திருந்தால் எவருமே ஒருபோதும் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்கின்றனர். இந்த இடத்தை மட்டும் எடுத்துக்காட்டி நிறுத்திவிடும் நூல்கள் பல உள. ஆனால் இறுதிச் சொல் அவர்களுடையது அன்று. ரபான் சிமயோன் பென் கமாலியேல் எழுந்து, அப்படியானால் அவர்கள் இஸ்ரயேலில் கொலைகாரர்களைப் பெருக்கியிருப்பர் என்கிறார். மிஷ்னா அத்தோடு அந்த அதிகாரத்தை முடித்துவிடுகிறது. எவர் சொன்னது சரி என்று சொல்லவில்லை.

இவர்கள் பேசிய காலத்தில் தலைமைச் சங்கத்திற்கு அந்த அதிகாரமே இல்லை; கி.பி. 70இல் கோவில் இடிந்துபோயிற்று. வாள் கையில் இல்லாதபோது இரக்கம் பேசுவது எளிது என்று ஒருவர் கூறலாம். நமக்கும் முதலில் அப்படியே தோன்றிற்று. ஆனால் அதே அக்கீவா, தலைமைச் சங்கத்தை எதிர்த்துக் கற்பிக்கும் அறிஞனை எருசலேமுக்குக் கொண்டுவந்து, திருவிழாவரை வைத்திருந்து, மக்கள் அனைவரும் கேட்கும்படி விழாவில் கொல்ல வேண்டும் என்றும் கற்பித்திருக்கிறார். அவரை மறுத்த ரபி யூதா, தீர்ப்புக்குப்பின் காத்திருக்க வைப்பது தனிக் கொடுமை, உடனே முடித்துவிட்டு ஊர்களுக்கு மடல் அனுப்புங்கள் என்றார். ஆகவே அக்கீவா மென்மனத்தால் மட்டும் பேசியவர் அல்லர். ஒழுங்கின் தேவையை அறிந்தவர்தாம் உயிரை எடுக்கமாட்டேன் என்கிறார். அவரையே பின்னர் உரோமை ஆட்சி தன் ஒழுங்கைக் காக்கும்பொருட்டுக் கொன்றது என்பது மரபு.

இன்னொரு குறிப்பும் நம்மைச் சிந்திக்க வைத்தது. கோவில் அழிவதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன் தலைமைச் சங்கம் தன் மன்றத்தை விட்டு வெளியேறிவிட்டது என்றும், கொலைகாரர்கள் பெருகிவிட்டதால் உயிர்வழக்குகளை விசாரிக்கும் நிலையைத் தவிர்க்கவே அப்படிச் செய்தது என்றும் தால்முத் கூறுகிறது. குற்றம் பெருகும்போது தண்டனையைப் பெருக்குவதே எந்த அரசுக்கும் இயல்பு. இங்கோ நீதிபதிகள் இருக்கையைக் காலிசெய்கின்றனர். பிலாத்துவின் முன்னே, எவரையும் கொல்ல எங்களுக்கு உரிமையில்லை என்னும் பொருள்படக் கூறப்பட்டதை யோவான் நற்செய்தி பதிந்திருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரலாற்றாசிரியர்கள் இவ்விரண்டையும் பற்றிப் பலவாறு வாதிடுவர். அதனுள் நாம் புகவில்லை.

ஆனால் ரபிகளின் சட்டத்தில் உயிரை எடுக்க வேறு வாயில்களும் இருந்தன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நாமும் ஒருதலையாகப் பேசியவர் ஆவோம்.

முதலாவது, துரத்துபவனைப் பற்றியது. ஒருவன் மற்றொருவனைக் கொல்லத் துரத்தினால், துரத்தப்படுபவனைக் காக்கத் துரத்துபவனைக் கொல்லலாம். இதற்கு மன்றமும் வேண்டா, சாட்சியும் வேண்டா. ஆனால் அவனது கையையோ காலையோ ஊனப்படுத்தித் தடுத்திருக்க முடியுமானால், அவனைக் கொன்றவன் கொலைகாரனே. கண்முன்னே ஓர் உயிர் அழியும் நொடிக்கு மட்டும் உரியது இச்சட்டம். சமூக ஒழுங்கிற்கு உரியதன்று. இதை ஒருவன் தன் விருப்பம்போல நீட்டினால் என்ன நேரும் என்பதற்கு 1995 நவம்பர் 4ஆம் நாள் சான்று. டெல் அவீவில் அமைதிப் பேரணி முடிந்து இறங்கிய பிரதமர் இட்சாக் ரபினைச் சுட்ட யிகால் அமீர் என்னும் சட்ட மாணவன், நாட்டின் நிலத்தைக் கொடுக்க முன்வந்த பிரதமர் யூத உயிர்களைத் துரத்துபவர் என்று இச்சட்டத்தையே துணைக்கழைத்தான். கையையும் காலையும் எண்ணிப் பார்க்கச் சொன்ன சட்டம் ஒரு கைத்துப்பாக்கிக்குச் சான்றிதழாக்கப்பட்டது.

விவிலியத்தில் சிம்ரியை ஈட்டியால் குத்திய பினகாசை நாம் மறைக்கல்வியில் பேரார்வம் கொண்டவராகவே அறிந்திருக்கிறோம். ரபிகள் அவரைப் பற்றிச் சங்கடத்தோடுதான் பேசுகின்றனர். முன்கூட்டி வந்து கேட்டிருந்தால் அனுமதி தந்திருக்கமாட்டோம் என்கின்றனர். சிம்ரி திரும்பிப் பினகாசைக் கொன்றிருந்தால் சிம்ரிமீது குற்றமில்லை, ஏனெனில் அந்நொடியில் துரத்துபவர் பினகாசே என்கின்றனர். இறைவன் குறுக்கிடாதிருந்தால் அவரைச் சமூகத்திலிருந்து விலக்கியிருப்பர் என்று எருசலேம் தால்முத் கூறுகிறது. திருநூல் புகழும் ஒருவரைப் பற்றி இவ்வளவு துணிவாகப் பேச நம் மறையுரைகளில் இடமுண்டா?

இரண்டாவது வாயில்தான் தலைமையாசிரியரின் கேள்விக்கு நெருங்கியது. ரபி எலியேசர் பென் யாக்கோபு தாம் கேட்டறிந்ததாக ஒரு மரபைச் சொல்கிறார்: தோராவில் இல்லாத தண்டனைகளையும் மன்றம் விதிக்கலாம், தோராவை மீறுவதற்காக அன்று, அதற்கு வேலியிடுவதற்காக. கிரேக்கர் காலத்தில் ஒருவன் ஓய்வுநாளில் குதிரையேறிச் சென்றான். அவனைக் கல்லெறிந்து கொன்றனர். அதற்கு அவன் உரியவனல்லன்; ஆனால் அந்த வேளை அதைக் கோரியது. இவ்வளவுதான் அந்தக் குறிப்பு. அந்தக் குதிரைக்காரனின் பெயர் இல்லை. அவன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்பதும் இல்லை. அவன் அதற்கு உரியவனல்லன் என்பதை மறைக்காமல் எழுதிவைத்த நேர்மையை மட்டும் பாராட்டலாம். வேலி பயிரைக் காக்கத்தான் இடப்படுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை நம் நாட்டார் அறியாததன்று.

இதே இடத்தில் சிமயோன் பென் ஷெத்தாக் என்பவர் வருகிறார். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த தலைவர். ஒருநாள் ஒருவன் மற்றொருவனைத் துரத்திப் பாழடைந்த வீட்டுக்குள் ஓடியதை அவர் கண்டார். பின்னால் ஓடிப் பார்க்கையில் ஒருவன் கையில் குருதி சொட்டும் வாள். தரையில் மற்றவன் துடித்துக்கொண்டிருந்தான். கொன்றவன் நீயே, ஆனால் இரண்டு சாட்சிகள் இல்லை. உன் உயிர் என் கையில் ஒப்படைக்கப்படவில்லை என்று சொல்லி அவர் அவனை விட்டுவிட்டார். கண்ணாரக் கண்டும் சட்டத்தின் எல்லையைத் தாண்டாத மனிதர். அதே சிமயோன்தான் அஸ்கலோனில் சூனியக்காரிகள் எண்பது பெண்களை ஒரே நாளில் தூக்கிலிட்டார் என்றும் மிஷ்னா கூறுகிறது. ஒரு நாளில் இருவரைக்கூட விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். அந்த வேளை அதைக் கோரியது என்பதே இதற்கும் விளக்கம்.

கதை அங்கே முடியவில்லை. சிமயோனின் கைகள் சூடேறியிருந்தன என்கிறது எருசலேம் தால்முத். அவர்மீது பகைகொண்ட சிலர் அவருடைய மகன்மீது பொய்ச்சான்று கூறினர். அப்பெண்களின் உறவினரே அவர்கள் என்பது பிற்கால உரையாசிரியர் ராஷியின் விளக்கம். மகனுக்குச் சாவுத் தீர்ப்பாயிற்று. கொலைக்களத்திற்குச் செல்லும் வழியில் சாட்சிகள் மனம்மாறி, தாங்கள் சொன்னது பொய் என்றனர். தந்தை அவனைத் திருப்பிக் கொண்டுவர விரும்பினார். ஆனால் ஒருமுறை சான்று கூறியவர் அதைத் திரும்பப் பெற முடியாது என்பது சட்டம். அப்போது மகன், தந்தையே, உம் வழியாக மீட்பு வரவேண்டுமென்றால் என்னை மிதித்துக் கடக்கும் வாசற்படியாக ஆக்கும் என்று சொல்லிச் சாவை ஏற்றானாம்.

இக்கதையை எத்தனை முறை படித்தாலும் நமக்கு அமைதி கிட்டவில்லை. அஸ்கலோனில் வேளையின் தேவைக்காகச் சட்டத்தை விலக்கியவர், சொந்த மகனுக்காக அதை விலக்கவில்லை. இது மாபெரும் நேர்மையா? அல்லது, எண்பது பேருக்காகத் திறக்காத மனம் ஒருவனுக்காகத் திறக்க வெட்கிற்றா? அப்பெண்களின் உறவினரும் தங்கள் கணக்கில் ஓர் ஒழுங்கைத்தானே நிலைநாட்டினர்? கதை எதையும் சொல்லவில்லை. ஆனால் வேலி இடுபவரின் வீட்டு வாசலிலேயே அவ்வேலி முடிகிறது என்பதைச் சொன்னவர்கள் யூத அறிஞர்களே. வெளியிலிருந்து நாம் சொல்லவில்லை.

இவ்விரு வாயில்களையும் ஒழுங்குபடுத்தியவர் 1204இல் மறைந்த மைமோனிதீஸ். சாட்சியும் எச்சரிக்கையும் இல்லாமையால் மன்றம் தொடமுடியாத கொலைகாரனை, உலகின் நலம் கருதி அரசன் கொல்லலாம். வேளை கோரினால் மன்றமும் கொல்லலாம் என்று அவர் வகுத்தார். இல்லையேல் சாகும் நிலைவரை அடித்து நெடுங்காலம் சிறையில் வாட்ட வேண்டும். மிஷ்னாவிலேயே, சாட்சியின்றிக் கொன்றவனை ஒடுங்கிய அறையில் அடைத்துச் சிறிது அப்பமும் சிறிது நீரும் கொடுப்பதுண்டு. முன்வாயிலில் இத்தனை பூட்டுப் போட்டவர்களும் பின்வாயிலைத் திறந்தே வைத்திருந்தனர். 14ஆம் நூற்றாண்டில் கேரோனாவின் ரபி நிசிம் இதை வெளிப்படையாகவே கூறினார்: மன்றம் நீதியை வழங்கும், ஊரின் ஒழுங்கை அரசன் பார்த்துக்கொள்வான். நீதியும் ஒழுங்கும் ஒன்றல்ல என்று ஒத்துக்கொள்ளும் இத்துணிவு நம்மைத் திகைக்க வைக்கிறது.

உடல் முழுவதையும் காக்க மருத்துவர் கையையோ காலையோ வெட்டுவது போல என்று மைமோனிதீஸ் ஓர் உவமை சொல்கிறார். அடுத்த நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா இதே உவமையைக் கொண்டே மரண தண்டனையை ஏற்கிறார். குருமடத்தில் அதை நாம் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். மாசற்றவரைக் கொல்வது எவ்வகையிலும் தகாது என்பதையும் தோமா அங்கேயே கூறுகிறார் என்பது உண்மை. எனினும் மனிதர் வெறும் உறுப்பல்லர். கைக்கு வெட்டுபவரைப் பார்க்கும் கண்கள் இல்லை.

1305இல் செருமனியிலிருந்து ஸ்பெயினின் தொலேதோவுக்கு வந்த ரபி ஆசேர் பென் யெகியேல், அங்குள்ள யூத மன்றங்கள் அரசனின் இசைவோடு சாவுத் தண்டனை வழங்குவதைக் கண்டு திகைத்தார். தாம் கேள்விப்பட்ட எந்த நாட்டிலும் இப்படி இல்லை என்று எழுதினார். பிறர் கையில் இவ்வழக்குகள் போனால் இன்னும் மிகுதியாகக் குருதி சிந்தப்படும் என்று உள்ளூரார் காரணம் கூறினர். அவர்கள் வழக்கத்தை அவர் குலைக்கவில்லை. ஆனால் உயிரை அழிப்பதில் ஒருபோதும் அவர்களோடு இசைந்ததில்லை என்று எழுதிவைத்தார். அதே மடலிலேயே, இறைவனைப் பழித்தவனின் நாவை வெட்டுவதை அவர் ஏற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். காலத்தின் கொடுமை அவரையும் விட்டுவைக்கவில்லை.

நம் வீட்டைப் பார்த்தால் தலை நிமிர்வதற்கில்லை. திருத்தந்தையரின் ஆட்சிப் பகுதியில் 1870 வரை மரண தண்டனை நிறைவேறிற்று. விசாரணை மன்றங்கள் தாமே கொல்லவில்லை; அரசின் கையில் ஒப்படைத்தன. ஒப்படைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டன. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இத்தண்டனைக்கான தேவை நடைமுறையில் இல்லையென்றே சொல்லத்தக்கது என்று கற்பித்தார். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் அது ஏற்கத்தகாதது என்று மறைக்கல்வி நூலையே திருத்தினார். அக்கீவாவும் தர்போனும் சொன்னதை வந்தடைய நமக்கு 19 நூற்றாண்டுகள் ஆயின.

இன்றைய இஸ்ரயேல் நாடு பிறந்த ஏழு வாரங்களுக்குள், 1948 சூன் 30ஆம் நாள், மேயிர் தோபியான்ஸ்கி என்னும் படை அலுவலர் ஒற்றர் என்று அவசர விசாரணையில் தீர்ப்பிடப்பட்டு அன்றே சுடப்பட்டார். மறு ஆண்டே அவர் மாசற்றவர் என்பது தெளிவாயிற்று. 1954இல் அந்நாடு கொலைக்குற்றத்திற்கு மரண தண்டனையை நீக்கியது. நாசிக் கொடுமைகளுக்கு அது எஞ்சி நின்றது. 1962இல் அடோல்ப் ஐக்மன் தூக்கிலிடப்பட்டான். அவனைக் கூடக் கொல்ல வேண்டா என்று வேண்டியவர்களுள் யூத மெய்யியலார் மார்ட்டின் பூபரும் ஒருவர்.

இவ்வளவும் குற்றவாளியைப் பற்றியவை. கயபாவின் கேள்வி வேறு. பலரைக் காக்க ஒருவரை ஒப்படைக்கலாமா? இதற்கும் ரபிகளிடம் நேரான விடையுண்டு. வழிப்போக்கர் குழுவொன்றை எதிரிகள் சூழ்ந்து, உங்களுள் ஒருவனைக் கொல்லத் தாருங்கள், இல்லையேல் அனைவரையும் கொல்வோம் என்றால், அனைவரும் சாக வேண்டும். ஓர் உயிரையும் ஒப்படைக்கலாகாது. எதிரிகள் ஒருவனைப் பெயர்சொல்லிக் கேட்டால், தாவீதுக்கு எதிராகக் கிளர்ந்த பிக்ரியின் மகன் சேபாவை ஆபேல் நகரத்தார் யோவாபுக்குக் கொடுத்ததுபோலக் கொடுக்கலாம். அவன் சேபாவைப் போலச் சாவுக்கு உரியவனாகவும் இருக்க வேண்டும் என்கிறார் ரேஷ் லாக்கிஷ். பெயர் சொன்னாலே போதும் என்கிறார் ரபி யோகனான்.

அப்படியொரு வேளை உண்மையிலேயே வந்தது. உரோமை அரசு தேடிய உல்லா என்பவன் லோது நகருக்குத் தப்பிவந்து ரபி யோசுவா பென் லேவியிடம் அடைக்கலம் புகுந்தான். படை நகரைச் சூழ்ந்தது. உல்லாவைத் தராவிட்டால் நகரை அழிப்போம் என்றது. பெயர் சொல்லியாயிற்று; சட்டம் இடந்தருகிறது. யோசுவா அவனிடம் போய்ப் பேசினார். ஊர் முழுவதும் துன்புறுவதைவிட ஒருவன் சாவது மேல் என்று அவர் எடுத்துரைத்ததாக மற்றொரு நூல் கூறுகிறது. அது கயபாவின் சொல்லேயன்றோ! உல்லாவை இசைய வைத்து ஒப்படைத்தார். நகரம் பிழைத்தது.

யோசுவாவுக்கு இறைவாக்கினர் எலியா தோன்றிப் பேசுவது வழக்கம். அன்றிலிருந்து எலியா வரவில்லை. யோசுவா பல நாள் நோன்பிருந்தார். கடைசியில் எலியா தோன்றி, காட்டிக்கொடுப்பவர்களுக்கா நான் தோன்றுவேன் என்று கேட்டார். நான் சட்டப்படிதானே செய்தேன் என்றார் யோசுவா. அது இறைப்பற்றாளரின் சட்டமோ என்று கேட்டார் எலியா.

எனவே தலைமையாசிரியருக்கு நம் விடை இது. ஒருவரை ஒப்படைத்துப் பலரைக் காப்பது, பெயர் சொல்லிக் கேட்கப்பட்டபோது, அவர்கள் சட்டத்தின் ஒரு கருத்துப்படி கூடும். கயபாவிடம் எவரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. படை நகரைச் சூழவுமில்லை. வராத படைக்கு அஞ்சி அவரே பெயரைத் தேர்ந்தார். ரபிகளின் அளவுகோலின்படி அது தவறு. சட்டம் இடந்தந்திருந்தாலும்கூட எலியா வந்திருக்கமாட்டார். கயபாவைக் கண்டிக்க நாம் நற்செய்தியைத் திறக்க வேண்டியதேயில்லை. அவருடைய சொந்த மக்களின் நூல்களே போதும். இயேசுவின் சாவுக்காக யூத மக்கள் அனைவர்மீதும் பழி சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்ததை நாம் வகுப்புகளில் சொல்லியிருக்கிறோம். சொல்லிக்கொண்டே, அவர்கள் சட்டத்தைக் கயபாவின் சட்டமாக மறையுரையில் காட்டியும் வந்திருக்கிறோம். அதற்காக இங்கே மன்னிப்புக் கேட்கிறோம்.

இதையெல்லாம் பின்னர் வகுப்பில் விரிவாகச் சொன்னோம். சொல்லும்போது வேறொன்றும் நெஞ்சில் ஓடிற்று. பல ஆண்டுகளுக்குமுன், வேறொரு பங்கில், திருவிழாக் கணக்கைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டார். ஊர் இரண்டுபட்டது. தேர் ஓடாது, தலை உருளும் என்ற பேச்சு எழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் நம்மிடம் வந்து ஒரு பெயரைச் சொன்னார்கள். நாம் அந்த மனிதரைப் பங்கு இல்லத்திற்கு அழைத்து, "தம்பி, உன் ஒருவனால் ஊர் கெட வேண்டாம், திருவிழா முடியும்வரை வெளியூர் போய் இரு" என்றோம். அவர் நம்மை நெடுநேரம் பார்த்தார். பின் சரி என்றார். மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு விடியுமுன் போனார். தேர் ஓடிற்று. எல்லாரும் நம்மைப் பாராட்டினர். அவரை நாம் விலக்கவில்லை, அவரே இசைந்தார் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அவர் திரும்பி வரவில்லை.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு வாசலருகே நின்றார். "சாமி, அந்த உல்லாவுக்கு என்ன ஆயிற்று?"

"தால்முத் சொல்லவில்லை" என்றோம்.

"எலியா யோசுவாவைப் பார்க்க வந்தாரே, உல்லாவைப் பார்க்கப் போனாரா?"

அதுவும் இல்லை என்றோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுவாரம் ஓர் இறுதிச் சடங்குக்காகப் பழைய பங்கிற்குச் செல்ல நேர்ந்தது. சடங்கு முடிந்தபின், இப்போதுள்ள பங்குக்குருவிடம் கேட்டுக் குடும்பப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அந்தப் பெயர் இருந்தது. எதிரே நம் கையெழுத்திலேயே, ஊர் மாறிச் சென்றார் என்று எழுதியிருந்தது. எந்த ஊருக்கு என்பதற்கான இடம் வெறுமையாக இருந்தது.